இரண்டு கிண்ணம் மணல்

ஜூன் 2. அதிகாலை 5.10. மனைவி திருப்பதியில் மருத்துவமனையில் காலமானார்.

ஜூன் 17. பதினாறாம் நாள். வீடு முழுவதும் கழுவப்பட்டது. சேமித்த தண்ணீர் அனைத்தும் கொட்டப்பட்டது. மீன்தொட்டிக்கென்று கலந்து வைத்திருந்த நாற்பது லிட்டர் உப்புநீரும் அதில் அடக்கம். தொட்டியின் மணல் வெளியே எடுக்கப்பட்டு, குழாய்நீரில் கழுவப்பட்டு, மீண்டும் இடப்பட்டது.

ஜூன் 18. தொட்டி நீரின் வெப்பம் 26 பாகை. அம்மோனியா இல்லை. மணல் வெண்மை.

ஜூன் 27. கோபி மீன் மணலை வாயில் அள்ளுவது குறைந்துள்ளது.

ஜூலை 3. கோபியின் வயிறு உட்குழிந்துள்ளது. உறைந்த இறால் இட்டேன். தொடவில்லை.

ஜூலை 5. திருச்சானூர் சென்று வந்தேன்.

மேலே உள்ளவை தொட்டிக் குறிப்பேட்டில் நான் எழுதியவை. அதற்கு முந்தைய பக்கங்கள் என் மனைவியுடையவை.

தொட்டி எங்கள் திருப்பதி வீட்டின் முன்னறையில் இருக்கிறது. நான்கடி நீளம். பவளங்கள் ஒட்டிய பாறைகள், உப்பைக் கலந்து வீட்டிலேயே தயாரிக்கும் கடல்நீர், அடியில் இரண்டு விரல் உயரத்துக்குப் பவளமணல். அதில் வாழும் கோபி, நம் ஆற்று உளுவைக்குக் கடலில் உள்ள உறவு; சாண் நீளம், வெளிறிய உடலில் செம்மஞ்சள் புள்ளிகள். நாள் முழுவதும் அதற்கு ஒரே வேலை. வாய் நிறைய மணலை அள்ளும். தின்னத் தக்கதை நிறுத்திக்கொண்டு, மற்றதைச் செவுள் வழியே உதிர்க்கும். அதனால் மணலில் அழுக்குப் படியாது. என் மனைவி விலங்கியல் கற்பித்தவர். சித்தூரில் பிறந்து, குப்பம் வட்டாரக் கருங்கல்லில் ஆய்வு செய்து, நிலவியல் கற்பித்தவன் நான். தொட்டியில் உயிருள்ளவை அவர் பொறுப்பு. மணலைப் பற்றி மட்டும் என்னிடம் கருத்துக் கேட்பார்.

பதினாறாம் நாள் நகரியிலிருந்து அவருடைய அக்கா வந்திருந்தார். குடம், தவலை, வாளி என்று வீட்டில் வைத்திருந்த தண்ணீரையெல்லாம் முறைப்படி கொட்டிவிட்டுத் தொட்டியின் முன் வந்து நின்றார்.

“மாப்ளே, இத இன்னா பண்றது?”

அவரே யோசித்துத் தீர்ப்பளித்தார்.

“உசுரு இருக்குற தண்ணிக்குத் தீட்டு இல்ல. வுட்ருலாம். ஆனா மண்ணப் பாருங்க, காப்பித்தூள் கொட்னா மாதிரி கெடக்குது. எந்தங்கச்சி இப்டியா வச்சிருந்தா? கழுவிடட்டுமா?”

இரண்டு வாரமாக யாரும் கவனிக்காத தொட்டி. பழுப்புப் பாசி படிந்திருந்தது உண்மை. தலையசைத்தேன். எவர்சில்வர் தட்டால் மணலை அள்ளி, பேசினில் கொட்டி, கொல்லைக் குழாயில் ஏழு தண்ணீர் மாற்றினார். அரிசி களைவது போலவே களைந்தார். அழுதுகொண்டே களைந்தார். அதைத் திரும்பப் பரப்பியபோது சர்க்கரையைப் போல் இருந்தது. வந்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். நானும் பாராட்டினேன்.

மீனின் வயிறு உள்வாங்கியதைக் கண்ட மறுநாள், பாறைகளைப் பார்ப்பதற்கு நான் வைத்திருக்கும் கைலென்ஸை எடுத்துத் தொட்டியின் கண்ணாடியோரத்து மணலைப் பார்த்தேன். அதே இடத்தில், அதே லென்ஸில், என் மனைவி எனக்குக் காட்டியதுண்டு: துகள்களுக்கு நடுவே மயிரிழைப் புழுக்கள், புள்ளியளவு ஓட்டுயிரிகள், ஓயாத போக்குவரத்து. இப்போது கால் மணி நேரம் பார்த்தேன். துகள்கள் இருந்தன. எதுவும் அசையவில்லை.

அந்தக் கணத்தில் எல்லாம் விளங்கியது. கோபி மணலைச் சலித்ததே அதற்குள் இருந்த இரைக்காக. உப்பில்லாத குழாய்நீர் அந்த இரை முழுவதையும் கொன்றுவிட்டது. மணலைச் சலிப்பதும் எடையிடுவதும் உலையில் உலர்த்துவதும் என் தொழிலாக இருந்தவை. என்னிடம் கேட்டுத்தான் கழுவினார்கள். எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்ததோ பரபரப்பு. விடை தெரிந்துவிட்டது, உயிருள்ள மணல் வேண்டும், மீனுக்குச் சில நாட்களே மிச்சம். முப்பத்திரண்டு நாட்களில் முதல்முறையாக, காலையில் எழுந்ததும் செய்ய எனக்கு ஒரு வேலை இருந்தது. அந்த மீனையும் இழக்க நான் தயாராக இல்லை.

திருச்சானூரில் ஒரு விடுதியின் வரவேற்பறையில் பவளத்தொட்டி உண்டு. என் மனைவிதான் அதை அமைக்க உதவினார். விடுதியின் கணக்கு மேசையில் அமர்ந்திருக்கும் பெண்மணி அதைப் பராமரிக்கிறார். நகரியில் விசைத்தறிக் குடும்பம். தினமும் ரயிலில் வந்து போகிறார். நான் விவரத்தைச் சொல்லி முடிப்பதற்குள் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“மண்ணக் கழுவுனீங்களா? இன்னா சார், பொங்கி துன்னவா?”

“தெரியாமல் நடந்துவிட்டது.”

“தெரியாமயா? கல்லுல டாக்டர் பட்டம் வாங்குனவரு நீங்க.” அதற்குள் ஒரு யாத்திரிகக் குடும்பம் அறை கேட்டு வந்தது. “ஏசி ரூம் லேதண்டி, சாயந்திரம் ரண்டி” என்று தெலுங்கில் அவர்களை மாலை வரச் சொல்லி அனுப்பிவிட்டு, முழங்கை வரை வளையல்களை ஏற்றிக்கொண்டு தொட்டிக்குள் கைவிட்டார். மேற்பரப்பைத் தொடவில்லை, பாறைக்கு அடியில், கறுத்த இடத்தில் ஒரு கிண்ணம் அள்ளினார். கிண்ணத்தை என்னிடம் நீட்டினார். லென்ஸை எடுத்தேன். வெண்புழு ஒன்று வளைந்து ஒளிந்தது. இன்னொன்று! ஓட்டுயிரிகள், ஏழெட்டு, தாறுமாறாக ஓடின.

“இருக்கிறது! நிறைய இருக்கிறது!” என்றேன். விடுதியில் இருந்த அனைவரும் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் குரல் உயர்ந்திருக்கிறது.

“இல்லாம? அம்மா குடுத்த மண்ணு சார் இது. உங்கூட்டுத் தொட்டிலேர்ந்து ரெண்டு கை எடுத்தாந்து போட்டாங்க. அதுதான் இங்க பெருகிச்சி.”

நான் சிறிது நேரம் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் இரண்டாவது கிண்ணத்தையும் அள்ளி, தன் மதியச் சாப்பாட்டுத் தூக்கைக் கழுவி, அதில் மணலை இட்டு, தொட்டி நீரையே மூழ்க ஊற்றினார்.

“நேரா ஊட்டுக்குப் போங்க. வெயில்ல நிக்காதீங்க. வழியில யாருனா பேச்சுக் குடுத்தா நின்னுக்கினு இருக்காதீங்க.”

ஷேர் ஆட்டோவில் தூக்கை மடியில் வைத்து, இரு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். எதிரே வேலூர்ப் பக்கத்து அம்மாள் ஒருவர், மொட்டையில் சந்தனம் காயாமல் உட்கார்ந்திருந்தார்.

“பிரசாதமா நைனா?”

“மணல்.”

“எந்தக் கோயில் மண்ணு?”

“கோயிலுடையது அல்ல. என் மனைவியுடையது.”

நீட்டிய கையை அவர் மடக்கிக்கொண்டார். பிறகு எழுந்து, காற்று வரும் ஓரத்து இடத்தை எனக்குக் கொடுத்தார். ஓட்டுநரிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார்; வண்டி பள்ளங்களில் மெதுவாக இறங்கத் தொடங்கியது. அஸ்தி என்று எண்ணிவிட்டார் என்பது இரண்டு நிறுத்தங்கள் கடந்த பின்புதான் எனக்குப் புரிந்தது. திருத்தியிருக்க வேண்டும். ஆனால் ஓரத்து இடத்தில் தூக்கு சூடேறாமல் இருந்தது, திருத்தவில்லை.

வீட்டில் நீரோட்டம் தரும் மோட்டாரை நிறுத்தினேன். தூக்கைக் கால் மணி நேரம் தொட்டி நீரில் மிதக்கவிட்டேன், இரண்டின் வெப்பமும் சமமாகும்வரை. பிறகு ஒரு நீண்ட குழாயின் வழியே மணலை இடது மூலையில், நீர் கலங்காமல், சிறிது சிறிதாக இறக்கினேன். வெள்ளை மணலின் மேல் கறுப்பும் பழுப்புமாக ஒரு கையகலத் திட்டு. கோபி பாறையின் பின்னால் இருந்தது. நாற்காலியைக் கண்ணாடிக்கு ஒரு முழத் தொலைவில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

இருபது நிமிடம். தலை மட்டும் வெளியே வந்தது. பின்வாங்கியது. மீண்டும் வந்தது. திட்டின் விளிம்பில் வந்து தங்கி, தாடையை மணலில் வைத்து, அப்படியே இருந்தது. பின் வாய் முழுவதும் மணலில் புதைந்தது. தலை நிமிர்ந்தது, கன்னங்கள் அசைந்தன, இரு செவுள்களிலிருந்தும் மணல் மெல்லிய இரண்டு திரைகளாக விழுந்தது. உடனே இன்னொரு வாய். இன்னொன்று. பதினொன்றுவரை எண்ணினேன், அதற்குமேல் எண்ண முடியவில்லை. நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்திருந்தது; நான் நின்றுகொண்டு கைதட்டிக்கொண்டிருந்தேன். எழுபத்தொரு வயதில், தனியாக, பட்டப்பகலில்.

மாலையில் மனைவியின் அக்கா, நாள்தோறும் செய்வது போல, நகரியிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். என்னைப் பற்றிக் கேட்டுவிட்டு மீனைப் பற்றிக் கேட்டார்.

“துன்னுதா மாப்ளே?”

“தின்கிறது.”

“தெனம் இதத்தான் சொல்றீங்க. இன்னிக்கி இன்னா இம்மாஞ் சத்தமா சொல்றீங்க?”

இத்தனை நாளும் நான் சொன்னது பொய். அதை அப்போது சொல்ல இயலவில்லை. செவுளிலிருந்து மணல் விழும் விதத்தைச் சொன்னேன். நெடுநேரம் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

செய்யாமல் மீதமிருப்பவை:

நாற்பது லிட்டர் உப்புநீர் கலந்து வைத்தல்.

மனைவியின் அக்காவிடம், மணல் பற்றி அறிந்தவன் என்ற முறையில் அன்று தடுத்திருக்க வேண்டியவன் நான்தான் என்று கூறுதல். மீன் கொழுத்த பிறகு.

தூக்கைத் திருப்பித் தருதல்.

இடது மூலை மணல் வலப்புறம் பரவியிருக்கிறதா என லென்ஸில் பார்த்தல், வாரம் ஒருமுறை.

மின்வெட்டு நேரத்துக்கு, பாட்டரியில் ஓடும் காற்றுப் பம்ப் வாங்குதல்.