மூச்சு டீச்சர்

என் மனைவிக்குப் பள்ளிக்கூடத்தில் மூச்சு டீச்சர் என்று பெயர். பிள்ளைகள் வைத்தது. ஏழாம் வகுப்புக்குக் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுக்கிறாள். வகுப்புக்குள் நுழைந்ததும் யாரையும் நோட்டைத் திறக்கச் சொல்ல மாட்டாள். பேனாவைக் கீழே வைக்கச் சொல்வாள். மின்விசிறியை நிறுத்திவிடுவாள். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு, உள்ளே போகிற மூச்சையும் வெளியே வருகிற மூச்சையும் கவனிக்க வேண்டும். பிறகு காதில் என்னென்ன விழுகிறது என்று கவனிக்க வேண்டும். அதற்கப்புறம்தான் எழுத்து.

பக்கத்து வகுப்புக் கணக்கு டீச்சர் அவளுடைய நெருங்கிய சிநேகிதி. அவளுக்கு இது பெரிய வேடிக்கை. "உன் பிள்ளைங்க நல்லாத் தூங்கி எந்திரிச்சு என் கிளாசுக்கு வருதுங்க. முகமெல்லாம் பளிச்சுனு இருக்கு. ரொம்ப நன்றிடி" என்பாள். என் மனைவியும் சிரித்துக்கொள்வாள்.

பிள்ளைகள் பொய்யாக எழுதுவதற்குக் காரணம் நாம் பொய்க்கு மார்க் போடுவதுதான் என்பது அவளுடைய எண்ணம். தாயைப் பற்றி எழுதச் சொன்னால் அத்தனை பேரும் தாய் தெய்வத்துக்குச் சமம் என்று எழுதுவார்கள். அவள் அதை வாசித்துவிட்டு, சரி, உங்கள் தாய் இன்று காலையில் என்ன செய்தார் என்று கேட்பாள். ஒரு பையன் யோசித்து யோசித்து, 'கதவைப் பூட்டிவிட்டுக் கொஞ்ச தூரம் போய், மறுபடி வந்து பூட்டை இழுத்துப் பார்த்தார்' என்று எழுதினான். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து அந்த ஒரு வரியை எங்களிடம் எத்தனை முறை சொன்னாள் என்று கணக்கில்லை. அவன் அம்மாவின் பயம் முழுவதும் அந்தப் பூட்டில் இருக்கிறது, இவ்வளவு நாளும் அதை அவன் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான், யாரும் கேட்கவில்லை என்றாள். கவனிக்கத் தெரிந்த பிள்ளையால் இன்னொருவரைச் சுலபத்தில் காயப்படுத்த முடியாது என்று நம்பினாள். அவளுக்கு எழுத்தும் இரக்கமும் ஒரே பாடம்தான்.

எங்கள் மகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அம்மாவைக் கிண்டல் செய்யாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. நானும் என் மனைவியும் ஏதாவது சண்டை போட்டுக்கொண்டிருந்தால் வந்து மின்விசிறியை நிறுத்துவாள். "ரெண்டு பேரும் பேனாவக் கீழ வைங்க" என்பாள். அதற்கு மேல் சண்டை எப்படி நடக்கும்?

மகளுக்கு வந்தது சாதாரணச் சளிக்காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். அது நுரையீரலுக்கு இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்து, கொஞ்சம் தேறி வருகிறாள் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்ட பிறகு, ஒரு மத்தியானம் திடீரென்று மோசமானது. நர்ஸ் டாக்டரைக் கூப்பிட ஓடியிருந்தாள். அறையில் நாங்கள் மூன்று பேர்தான். மகள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காரப் பார்த்தாள். என் மனைவி அவள் முதுகைத் தடவிக்கொண்டே, வகுப்பில் பேசுகிற அதே குரலில், "பயப்படாதடா கண்ணு. மூச்ச மட்டும் கவனி" என்றாள்.

மகள் அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"வந்தாத்தானேம்மா கவனிக்க" என்றாள்.

கோபமா, வழக்கமான கேலியா, இரண்டும் இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அதன் பிறகு அவள் எங்களிடம் எதுவும் பேசவில்லை. சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வந்தவர்கள் எல்லோரும் மனசைத் தேற்றிக்கொள்ளச் சொன்னார்கள். கணக்கு டீச்சர் மட்டும் சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் தேய்த்தாள். என் மனைவி அழவில்லை. அவளுக்கு ஒவ்வொன்றும் அச்சடித்தாற்போல் நினைவிருந்தது. கட்டில் கம்பியில் எந்த இடத்தில் பெயிண்ட் உரிந்திருந்தது, மகளின் எந்த விரலில் நகச்சாயம் பாதி போயிருந்தது, ஆக்சிஜன் முகமூடியின் வார் கன்னத்தில் எப்படிப் பதிந்திருந்தது எல்லாம் சொல்வாள். நான் அதே அறையில்தான் நின்றேன். எனக்கு அவற்றில் பாதி தெரியாது. தெரியாததால்தான் என்னால் தூங்க முடிகிறது என்று நினைக்கிறேன்.

"எனக்கு மறக்கத் தெரியலைங்க. இத்தன வருஷமா மறக்காம இருக்கத்தானே பழகினேன்" என்றாள்.

வீட்டில் தினமும் காலையில் உட்கார்ந்து கண்ணை மூடுகிற பழக்கத்தை விட்டுவிட்டாள். கண்ணை மூடினால் மகள் திரும்பிப் பார்க்கிறாள். மூச்சு என்ற சொல்லே அவள் வாயில் வரவில்லை. மூச்சுக்கு முந்நூறு தடவை என்று நான் பேச்சுவாக்கில் ஏதோ சொல்லிவிட்டால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவாள். வேலையை விட்டுவிடேன் என்று ஒருநாள் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் அப்படிச் சொல்லியிருக்கவே கூடாது என்று தெரிந்தது.

"அந்தக் கிளாசும் இல்லேன்னா நான் எதுக்குங்க காலையில எந்திரிக்கணும்?"

அதனால் விடுப்பு முடிந்ததும் போனாள். ஆனால் அந்த வகுப்பு இல்லை அது. மின்விசிறி ஓடிக்கொண்டே இருந்தது. நூலகத்தின் பயன்கள், மரம் வளர்ப்போம் என்று கடையில் விற்கிற கட்டுரைப் புத்தகத்திலிருந்து கரும்பலகையில் எழுதிப்போட்டாள். பிள்ளைகள் பார்த்து எழுதினார்கள். எதையும் கவனிக்கச் சொல்லவில்லை. கவனிக்கக் கற்றுக்கொடுத்தால் என்றைக்காவது ஒரு நாள் அந்தப் பிள்ளைக்கும் தன் கதிதான் வரும், அந்தப் பாவம் வேண்டாம் என்றாள். தலைமையாசிரியைக்கு இதில் சந்தோஷம்தான். நோட்டுகள் நிரம்பின.

பரீட்சை நெருங்கிய சமயம். வகுப்பில் ஒரு சின்னப் பெண்ணுக்குப் படபடப்பு வந்துவிட்டது. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கி உதடெல்லாம் நடுங்கியதாம். பக்கத்தில் இருந்தவளைக் கணக்கு டீச்சர் வாயாடி என்றுதான் கூப்பிடுவாள். அந்த வாயாடி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாத. மூச்ச மட்டும் கவனி" என்றிருக்கிறாள். அதே சொல், அதே ஏற்ற இறக்கத்தோடு.

என் மனைவி போய் வாயாடியின் கன்னத்தில் அறைந்துவிட்டாள்.

இத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளையைத் தொட்டு அடித்தவள் இல்லை. படபடப்பு வந்த பெண் தண்ணீர் குடித்துச் சரியாகிவிட்டாள். என் மனைவி கரும்பலகைக்குக் கீழே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எழுப்ப முடியவில்லை என்று எனக்குப் போன் வந்தது.

நான் போனபோது வாயாடியின் அப்பாவும் வந்திருந்தார். வேன் ஓட்டுகிறவர். சத்தம் போடவில்லை. தலைமையாசிரியையின் அறை வாசலில் நின்றுகொண்டு, "அன்பா சொல்லிக் குடுக்கற டீச்சர்னு கேள்விப்பட்டேன். அஞ்சு விரலும் நல்லாவே பதிஞ்சிருக்கு" என்றார். என் மனைவி தலை நிமிரவில்லை. எங்கள் மகளுக்கு நடந்ததை நான் சொல்ல வாயெடுத்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டினாள். ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டால் விஷயம் முடிந்துவிடும் என்றார் தலைமையாசிரியை.

"எனக்கு மன்னிப்பு வேணாம்" என்றாள் வாயாடி. "டீச்சர் நாற்காலியில உக்காரணும்."

அவளுடைய அப்பாவுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. என் மனைவியின் வகுப்பில் யார் யாரை அடித்தாலும் மன்னிப்புக் கேட்கச் சொல்லும் வழக்கம் கிடையாது. அது பெரியவர்கள் தங்கள் வேலையைச் சீக்கிரம் முடித்துக்கொள்கிற வழி என்பாள். அடித்தவர் நாற்காலியில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். அடிபட்டவர் எதிரில் நின்று, தனக்கு என்ன ஆயிற்று என்று சொல்வார். உட்கார்ந்திருப்பவர் காரணம் சொல்லக்கூடாது, பதில் சொல்லக்கூடாது. கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். ஏதாவது விட்டுப்போனால் மறுபடி கேட்க வேண்டும். மன்னிப்பதும் மன்னிக்காததும் அடிபட்டவர் பாடு.

தலைமையாசிரியையின் அறையிலேயே ஒரு நாற்காலி போடப்பட்டது. என் மனைவி உட்கார்ந்தாள்.

வாயாடி பாடம் ஒப்பிப்பதுபோல் நேராக நின்றாள். "நீங்க ரொம்ப நாள் வரல டீச்சர். அப்ப யாருக்குப் பயம் வந்தாலும் நாங்களே சொல்லிக்கிட்டோம். இன்னிக்கு அவளுக்கு மூச்சு வாங்குச்சு. மூச்சக் கவனின்னு சொன்னேன். நீங்க அடிச்சிட்டீங்க. இப்ப நான் சொன்னது சரியா தப்பான்னு எனக்குத் தெரியல."

"நான் ரொம்ப நாள் வரல" என்று ஆரம்பித்தாள் என் மனைவி. "யாருக்குப் பயம் வந்தாலும் நீங்களே சொல்லிக்கிட்டீங்க. இன்னிக்கு அவளுக்கு… முடியல. நீ சொன்ன. நான் அடிச்சிட்டேன்."

"விட்டுப் போச்சு டீச்சர்" என்றாள் அந்தப் பெண் மெதுவாக. முதலிலிருந்து மறுபடி சொன்னாள்.

என் மனைவி மறுபடி முயன்றாள். அதே இடத்தில் நின்றது. மடியில் இருந்த விரல்கள் ஒன்றையொன்று நெரித்தன. வேன்காரர் முகம் மாறிவிட்டது. போதும்மா வா என்று மகளைக் கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. இன்னொரு முறை, இன்னும் நிதானமாக, எல்லாவற்றையும் சொன்னாள்.

"அவளுக்கு மூச்சு வாங்குச்சு" என்றாள் என் மனைவி. "மூச்சக் கவனின்னு நீ சொன்ன. நான் அடிச்சிட்டேன். நீ சொன்னது சரியா தப்பான்னு உனக்குத் தெரியல."

"ஆமா டீச்சர்" என்று சொல்லிவிட்டு வாயாடி தன் அப்பா பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். சரியா தப்பா என்றதற்கு நாற்காலியில் இருப்பவர் பதில் சொல்லக்கூடாது. எழுந்ததும் என் மனைவி பையை எடுத்துக்கொண்டு என்னோடு கிளம்பிவிட்டாள்.

அந்தச் சொல் வாயில் வந்துவிட்டது, இனிமேல் கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகிவிடும் என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சாப்பாட்டு மேஜையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க எதிர்ல நில்லுங்க" என்றாள். "நான் அப்படிச் சொன்னப்ப நம்ம பொண்ணுக்கு எப்படி இருந்திருக்கும்னு சொல்லுங்க. ஒண்ணு விடாம நான் திருப்பிச் சொல்றேன்."

அவளுக்கு வேண்டியது அடிபட்டவளின் வாய். அது இல்லை. அதற்குப் பதிலாக இருப்பது நான்தான். நின்றேன். எங்கள் மகள் சொல்லாமல் போனதை அவள் பெயரில் நான் எப்படிச் சொல்வது? உன்மேல் கோபமில்லை அம்மா என்று சொல்லிவிடலாம். இவள் நம்பமாட்டாள். கோபம் என்றும் சொல்ல முடியாது.

"எனக்குத் தெரியல" என்றேன்.

"உங்களுக்குத் தெரியல" என்று திருப்பிச் சொன்னாள்.

பிறகு, நான் மேலே சொல்வதற்காக, என் முகத்தைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.