பூச்சி மருந்தோடு மலையேறினேன்

காலை ஆறு மணிக்குத் தாப்பாவிலிருந்து கிளம்ப வேண்டிய லோரி எட்டு மணிக்குக் கிளம்பியது. ஜப்பான்காரன் வந்த பிறகு பெட்ரோல் கண்ணில் படுவதில்லை. லோரியின் பின்னால் ஓர் அடுப்பை மாட்டி, அதில் கரியைப் போட்டு, அந்தப் புகையில்தான் ஓட்டினார்கள். தானா ராத்தாவுக்கு முப்பத்தேழு மைல். ஆளுக்கு நாலு வெள்ளி, அதுவும் ஜப்பான்காரன் வாழைமரம் போட்டு அச்சடித்த நோட்டில். கொடுத்த காசுக்குப் பாதி வழிதான் உட்கார்ந்து போனேன். மீதி வழி லோரியைத் தள்ளிக்கொண்டு போனேன்.

"எல்லாரும் இறங்குங்கலா, வண்டிக்கு மூச்சு வாங்குது" என்று வளைவுக்கு வளைவு டிரைவர் குரல் கொடுப்பார். நான் தையற்காரன். ஊசியைத் தள்ளத் தெரியும், லோரியைத் தள்ளிப் பழக்கமில்லை. இருந்தாலும் கையிலிருந்த இரண்டு போத்தல்களை மட்டும் கீழே வைக்கவே இல்லை.

போத்தல்களில் பூச்சி மருந்து இருந்தது. தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் என் தங்கை ஆரோக்கியத்தின் புருஷன் சவரிமுத்து கடிதம் போட்டிருந்தான். "பிள்ளைகளுக்குப் பூச்சித் தொல்லை அதிகம். வெள்ளிக்கிழமைக்குள் மருந்து வராவிட்டால் நான் சயாமுக்குப் போக வேண்டியதுதான்." சயாமுக்கு ரயில்பாதை போடப் பிடித்துக்கொண்டு போனவர்களில் ஒருவரும் அதுவரை திரும்பி வரவில்லை. பிள்ளைகள் வயிற்றில் பூச்சி இருந்தால் தகப்பன் ஏன் சயாமுக்குப் போக வேண்டும் என்று எனக்குக் கொஞ்சம் இடித்தது. மனக்கஷ்டத்தில் ஏதோ எழுதிவிட்டான் என்று நினைத்தேன். வேப்பங்கொழுந்து, குப்பைமேனி, பாகல் இலை மூன்றையும் காய்ச்சி வடிகட்டி, விளக்கெண்ணெய் தாராளமாக விட்டு, வியாழக்கிழமை லோரி ஏறிவிட்டேன்.

பிற்பகல் இரண்டு மணிக்குத் தானா ராத்தாவில் இறங்கி, அங்கிருந்து குளிரில் நடந்து மூன்று மணிக்குத் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தை அடைந்தேன். சவரிமுத்து ஓடி வந்தான்.

"கொண்டாந்தீங்களா மச்சான்?"

"கொண்டாந்துட்டேன் மாப்பிள்ளை. பெரியவனுக்கு ரெண்டு கரண்டி, சின்னதுங்களுக்கு ஒரு கரண்டி. வெறும் வயித்துல கொடுக்கணும்."

மூடியைத் திறந்து முகர்ந்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"ஐயோ மச்சான், பிள்ளைங்கன்னு எழுதினது என் முட்டைக்கோஸைலா! கடுதாசியை ஜப்பான்காரனுங்க பிரிச்சுப் படிக்கிறானுங்க, அதான் மறைச்சு எழுதினேன். தாப்பாவுல செடிக்கு அடிக்கிற மருந்து கிடைக்கும்னு பார்த்தா, நீங்க பேதி மருந்தைக் கொண்டாந்திருக்கீங்க!"

"வீட்டுல நாலு பிள்ளைங்களை வச்சுக்கிட்டு கோஸைப் பிள்ளைன்னு எழுதினா நான் என்னன்னு நினைப்பேன்?" என்று நான் பாய்ந்தேன். தப்பு யார் மேல் என்பதில் எனக்கு இன்றுவரை சந்தேகமில்லை.

விஷயம் இதுதான். தேயிலையில் பாதியைப் பிடுங்கிவிட்டு ஜப்பான் அதிகாரிகளுக்குக் காய்கறி போடச் சொல்லியிருந்தார்கள். வெள்ளைக்காரத் துரை காலத்தில் ஸ்டோரிலிருந்து மருந்துப் பொடி வரும். ஜப்பான்காரன் வந்ததும் பொடியையெல்லாம் ஒப்படைக்கச் சொல்லி முதல் நோட்டீஸ். முத்திரைச் சாப் குத்தின அனுமதிச் சீட்டு இருந்தால் அடிக்கலாம் என்று அடுத்த நோட்டீஸ். யாரோ ஓர் அதிகாரிக்கு வயிறு வலித்ததும், மருந்தே கூடாது என்று மூன்றாவது. போன வாரம் நாலாவது: ஓட்டை விழுந்த கோஸ் போட்டவன் பெயர் சயாம் பட்டியலில் ஏறும். மருந்தும் கூடாது, ஓட்டையும் கூடாது. புழுவுக்கு மட்டும் யாரும் நோட்டீஸ் ஒட்டவில்லை. மறுநாள் காலை சோதனை.

"இருக்கிறதை அடிச்சுப் பார்ப்போம் அண்ணே. வயித்துப் பூச்சி செத்தா இலைப் பூச்சியும் சாகாதா?" என்றாள் ஆரோக்கியம். அந்த லயத்தில் மூளை இருந்தது அவளுக்குத்தான். கஷாயத்தில் சாம்பல் தண்ணீரைக் கலந்து, விளக்குமாற்றால் பாத்தி பாத்தியாகத் தெளித்தோம். புழுக்களைக் கையாலும் பொறுக்கினோம்.

பக்கத்துப் பாத்திக்காரர் பொன்னுசாமி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கோஸுக்குப் பேதி கொடுக்கிற ஆளை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்" என்றார். மிச்சமிருந்த கஷாயத்தை நீட்டினேன். "வேணாம் அண்ணே. மருந்து கூடாதுன்னு நோட்டீஸ்ல போட்டிருக்கு. நான் சட்டப்படி போறவன். என்னை எப்படிப் பிடிப்பான்?"

வெள்ளி காலை ஒன்பது மணிக்கு அதிகாரி வந்தார். சவரிமுத்துவின் கோஸில் பெரிதாக ஓட்டை இல்லை. ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார். முகம் மாறியது.

"ஊபாட்!" என்று கத்தினார். மருந்துக்கு மலாயில் அதுதான் பெயர். ஓரத்தில் கிடந்த போத்தலையும் பார்த்துவிட்டார்.

"ஊபாட் ஓராங், தூவான்! மனுஷ மருந்து, துரை!" என்று நான் வயிற்றைத் தட்டிக் காட்டினேன்.

"மினும்" என்றார். குடி என்று அர்த்தம்.

ஆளுக்கு அரை டம்ளர் குடித்தோம். நாங்கள் சாகிறோமா என்று பார்க்க அவர் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டார். சாகவில்லை. ஆனால் விளக்கெண்ணெய் தன் வேலையைத் தொடங்கியது. ஜப்பான்காரன் முன்னால் இடுப்பு வரை குனிந்து வணங்காமல் நகரக் கூடாது. அந்த நிலையில் குனிவது எவ்வளவு ஆபத்து என்று குனிந்தவனுக்குத்தான் தெரியும். நாங்கள் இருவரும் குனிந்து, நிமிர்ந்து, கக்கூஸைப் பார்த்து ஓடியதைக் கண்டு அந்த மனிதர் கண்ணில் நீர் வரச் சிரித்தாராம். கோஸ் தேறிவிட்டது. ஆரோக்கியம் சிலுவை போட்டுக்கொண்டு அழுதாள். உள்ளே இருந்தபடியே நானும் அழுதேன்.

சனி காலை ஐந்தாவது நோட்டீஸ் ஒட்டினார்கள். மனிதன் குடிக்கக்கூடிய மருந்தைச் செடிக்கு அடிக்கலாம். சோதனை நாளில் அடித்தவன் குடித்துக் காட்ட வேண்டும்.

"வெள்ளிக்கு வெள்ளி குடிக்கணுமா மச்சான்?" என்று சவரிமுத்து வயிற்றைத் தடவினான்.

"குடி. சயாமுக்குப் போகாம வீட்டுல இருந்து குடி" என்று சொல்லிவிட்டு லோரி ஏறினேன்.

இறக்கத்தில் தள்ள வேண்டிய வேலை இல்லை. கோஸ் மூட்டைகள் மேல் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள், பக்கத்தில் ஒரு சிப்பாய். நடுவில் இருந்தவர் பொன்னுசாமி, மடியில் துணி மூட்டை. அவர் கோஸ் சல்லடையாகக் கிடந்ததாம், பெயர் சயாம் பட்டியலில் ஏறிவிட்டதாம். முப்பத்தேழு மைலும் என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வியாழக்கிழமை அவர் கையில் வம்படியாகவாவது அந்தக் கஷாயத்தைத் திணித்திருக்கலாம்.

தாப்பாவில் நான் இறங்கும்போது அவர் என் தோளைத் தொட்டார்.

"அண்ணே, மருந்து கூடாதுன்னுதானே போட்டிருந்திச்சு? நான் ரெண்டு தரம் படிச்சேன்."

"அப்படித்தான் போட்டிருந்திச்சு" என்றேன். லோரி ரயில் ஸ்டேஷன் பக்கம் திரும்பியது.