ஏழு மணி வண்டியும் வாங்காத டிக்கெட்டும்

சுந்தரபாண்டியத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகும் ஏழு மணி டவுன் பஸ்ஸை நிறுத்தப் பார்த்தவள் நான்தான். இதை எங்கள் வீட்டில் இன்னமும் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அன்றைக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ராஜபாளையத்தில் ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை டைப் அடிக்கிற வேலை எனக்கு. எட்டரைக்குக் கடை திறக்கும்போது அங்கே இருக்க வேண்டும். ஏழு மணி வண்டியைப் பிடித்தால், ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ராஜபாளையம் வண்டிக்கு மாறி, நேரத்துக்குப் போய்விடலாம். அதை விட்டால் அடுத்தது ஒன்பதே காலுக்கு. முகூர்த்த மாதத்தில் அப்படிப் போய் நின்றால் முதலாளி ஒன்றும் சொல்ல மாட்டார். என் நாற்காலியில் வேறு ஆளை உட்கார வைத்துவிடுவார்.

எங்கள் ஊருக்கு பஸ் வந்த கதையில் உருகிப் பேச ஒன்றும் இல்லை. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஒரு தனியார் வண்டி ஓடியது. அரை டிக்கெட் பிள்ளைகளைக் கண்டால் ஸ்டாப்பைத் தாண்டிப் போய்த்தான் நிற்கும். பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். நாங்கள் கிட்டே போனதும் கிளம்பிவிடும். பிறகு மினி பஸ் வந்தது. தெருவுக்குள்ளேயே வந்து ஏற்றுவார்கள், ஆனால் ஆள் நிரம்பாமல் வண்டி அசையாது. கொரோனாவில் எல்லாம் நின்றது. மறுபடி ஓட ஆரம்பித்தபோது மினி பஸ் வரவே இல்லை. அரசாங்க வண்டி மட்டும் வந்தது. பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணம் கிடையாது என்று ஆனதும் அதில் கூட்டம் நெரிந்தது. வீட்டை விட்டு வேலைக்கென்று கிளம்பாத பெண்களெல்லாம் தூக்குவாளியோடு வந்து நின்றார்கள். அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கட்டணம் இல்லையே தவிர, டிக்கெட் உண்டு. நடத்துநர் மெஷினில் தட்டி ஒரு சீட்டு தருவார். ஆரம்பத்தில் ஒழுங்காகத்தான் வாங்கினேன். ஒருநாள் நான் கை நீட்டியபோது பின்னால் இருந்த ஒருவர், "ஓசிக்கு ஒரு சீட்டு வேற" என்றார். எனக்குச் சுருக்கென்றது. மறுநாளிலிருந்து டிக்கெட்டே வாங்கவில்லை.

அந்த ரோஷத்துக்கு நல்ல பெயர் ஒன்றையும் கண்டுபிடித்துக்கொண்டேன். நடத்துநர் பாவம், நெரிசலில் பிதுங்கிக்கொண்டு கடைசி சீட் வரைக்கும் வர வேண்டியிருக்கிறது. அவருக்கு எதற்குத் தொந்தரவு? "எங்கள விடுங்கண்ணே, காசு குடுக்கறவுகளப் பாருங்க" என்று சொல்லிவிடுவேன். மற்ற பெண்களுக்கும் அதையே சொல்லிக் கொடுத்தேன். ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போகிற பாய் வீட்டுத் தங்கச்சி ஒருத்தி மட்டும், "கேட்டா குடுக்கப் போறாரு, வாங்கிக்கிடுவமே" என்று இழுத்தாள். "ஒனக்கு அந்தத் துண்டுத்தாள் எதுக்குட்டி?" என்று அவள் வாயையும் அடைத்தேன். நடத்துநர் சத்தம் போட்டுப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். பாதிப் பேருக்கு மேல் வாங்காமலே இறங்கினோம். அவருக்கு ஒத்தாசை செய்கிறோம் என்று நிஜமாகவே நம்பினேன்.

போன ஆனி மாதம் ஒரு காலையில் அவரே வந்து சொன்னார். இந்த ட்ரிப்பில் ஆள் இல்லையாம். அடுத்த ஒன்றாம் தேதி முதல் நிறுத்துகிறார்களாம். அவர் அதைச் சொன்னபோது என் முழங்கை ஒருத்தியின் விலாவில் இருந்தது, இன்னொருத்தியின் டிபன் பை என் கழுத்தில் இருந்தது. ஆள் இல்லையா? எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அன்றைக்கே பாதி நாள் லீவு சொல்லிவிட்டு, ஜவுளிக்கடைத் தங்கச்சியையும் இழுத்துக்கொண்டு டெப்போவுக்குப் போனேன்.

அதிகாரி உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. மூச்சு விடாமல் பொரிந்து தள்ளினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, மேஜையில் இருந்த தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். ஏழு மணி ட்ரிப்பில் ஒவ்வொரு நாளும் எத்தனை டிக்கெட் என்று வரிசையாக இருந்தது. அறுபது எழுபது பேர் தொங்கிக்கொண்டு போகிற வண்டியில் இருபத்திரண்டு, பத்தொன்பது, இருபத்துநான்கு.

"இது பொய் சார்" என்றேன்.

"மெஷின் பொய் சொல்லாதும்மா. டிக்கெட் அடிச்சாத்தான் எனக்கு ஆளு. நீங்க டிக்கெட் வாங்குதியளா?"

பக்கத்தில் நின்ற தங்கச்சி என்னைத் திரும்பிப் பார்த்தாள். காது மடல் சுட்டது. அதுவரை நிற்பேன் என்று அடம் பிடித்தவள் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். தப்பு என்மேல்தான் சார் என்று நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் திட்டுவார் என்று பார்த்தேன். தண்ணீர் கொடுத்தார். ஒரு மாதம் நிறுத்தாமல் பார்க்கிறேன், எல்லோரும் டிக்கெட் வாங்குங்கள் என்றார்.

மறுநாள் ஆறே முக்காலுக்கு ஸ்டாப்பில் நின்று, அத்தனை பெண்கள் முன்னாலும் சொன்னேன். என் பேச்சைக் கேட்டதால்தான் வண்டி நின்றுபோகப் போகிறது என்று சொல்வது லேசாக இல்லை. பஞ்சாலைக்குப் போகிற அக்கா ஒருத்தி, "வாய் மட்டும் எம்புட்டு நீளம்" என்று நொடித்தாள். வாங்கிக் கட்டிக்கொண்டேன். அப்புறம் அவளே ஒரு வழியும் சொன்னாள்: உள்ளே ஏறிய பிறகுதானே நெரிசல்? வண்டி இங்கே வந்து திரும்பிப் பத்து நிமிஷம் நிற்கிறதே, கீழேயே வரிசையில் நின்று டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறினால் என்ன?

அப்படியே செய்தோம். நடத்துநர் டீ கிளாஸை ஒரு கையிலும் மெஷினை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் நிற்பார். வழியில் ஏறுகிறவர்களைப் பெண்களே முன்னால் தள்ளிவிட்டு வாங்க வைத்தார்கள். ஓசி என்று பின்னாலிருந்து மறுபடி ஒரு குரல் வந்த நாளில், நான் வாயைத் திறக்கும் முன்பே பஞ்சாலை அக்கா பிடித்துக்கொண்டாள். "ஆமா, ஓசிதான். நாங்க ஏறலேன்னா ஒமக்கு வண்டியே கெடயாது, தெரியும்லா?" அந்த ஆள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாதம் முடிந்து ஒன்றாம் தேதி வந்தது. நிற்குமா ஓடுமா என்று யாரும் சொல்லவில்லை. பதற்றத்தில் அடுப்பில் பாலைப் பொங்கவிட்டு, துடைத்துவிட்டுக் கிளம்ப நேரமாகிவிட்டது. ஓடினேன். மணி ஏழு தாண்டி மூன்று நிமிஷம். தெருமுனை திரும்பினால் வண்டி நிற்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்காகத்தான் நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து, மூச்சு வாங்க நன்றி சொல்லிக்கொண்டே படியில் கால் வைத்தேன்.

நடத்துநர் கையைக் குறுக்கே நீட்டினார். "டிக்கெட் வாங்கிட்டு ஏறுங்கக்கா."

உள்ளே ஒரே சிரிப்பு. ஜவுளிக்கடைத் தங்கச்சியின் சத்தம்தான் தூக்கலாகக் கேட்டது. இறங்கிக் கை நீட்டினேன். மெஷின் கரகரவென்று சீட்டைத் துப்பியது. அவர் அதைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, டெப்போவில் சொல்லிவிட்டார்கள், இனிமேல் இந்த ட்ரிப்பை நிறுத்த மாட்டார்கள் என்றார். மெஷினை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"இங்கனயே நாப்பத்தொம்பது இருந்துச்சு. ஒங்களோட அம்பது."

சீட்டு வாங்காமல் போன அத்தனை நாளும், கணக்குப்படி அந்த வண்டியில் நான் போகவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சீட்டை மடித்து பர்ஸில் வைத்துக்கொண்டு ஏறினேன். உட்கார இடம் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் வரை நின்றுகொண்டே போனேன்.