பின் இருக்கையின் அதிர்வு

அக்காவுக்கு இடுப்பெலும்பில் கதிர்வீச்சு சிகிச்சை தொடங்கிய வாரத்தில்தான் எங்கள் காரின் அதிர்வு தெரியவந்தது. முன்பே இருந்திருக்க வேண்டும். பின் இருக்கையில் படுத்தபடி யாரும் பயணம் செய்ததில்லை என்பதால் யாரும் சொல்லவில்லை.

அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அவளும் திருமணம் செய்துகொள்ளவில்லை, நானும் செய்துகொள்ளவில்லை; விளாங்குடி வீட்டில் நாங்கள் இருவர்தான். மார்பில் வந்த புற்றுநோய் அறுவை சிகிச்சையோடு போய்விட்டது என்று நினைத்திருந்தோம். சில ஆண்டுகள் கழித்து அது எலும்பில் இருப்பதாகச் சொன்னார்கள். இனி குணமாக்க முடியாது, வலியைக் குறைக்கலாம், அதற்கு வார நாட்களில் தினமும் கதிர்வீச்சுக்கு வர வேண்டும் என்றார்கள்.

மருத்துவமனை நகரின் தென்கோடியில் இருக்கிறது. முதல் நாள் ஆம்புலன்ஸில் போனோம். நகருக்குள் ஒவ்வொரு வேகத்தடைக்கும் அவள் ஸ்ட்ரெச்சரின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். இறங்கியதும், "இனிமே இதுல கூட்டியாராத. அடுத்த தடவ இதுல ஏத்துறப்ப எனக்கு நெனவு இருக்கக் கூடாது" என்றாள்.

அதனால் எங்கள் காரிலேயே போவதென்று முடிவு செய்தோம். பின் சக்கரங்கள் இழுத்து ஓடும் பழைய டீசல் கார். இந்தக் காலத்துக் கார்களில் பின் இருக்கை குழிந்து, ஆளை மடக்கி வைக்கும். இதில் பெஞ்சு போலத் தட்டையாக, அகலமாக இருக்கும். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்து அக்காவைக் குறுக்கே படுக்கவைக்கலாம். பக்கத்து வீட்டுக்காரரும் நானும் அவளை நாற்காலியோடு தூக்கிவந்து காரில் மாற்றிப் படுக்கவைப்போம். நகருக்குள் போகாமல் சமயநல்லூர் வழியாகச் சுற்றி நான்குவழிச் சாலையைப் பிடித்தோம். தூரம் அதிகம், ஆனால் சாலை வழவழவென்று இருக்கும்.

அந்த வழவழப்பில்தான் அதிர்வு தெரிந்தது. ஐம்பதைத் தாண்டியதும் தொடங்கி அறுபதில் உச்சத்துக்குப் போனது. ஓட்டுகிற எனக்கு அது பாதத்தில் ஒரு கூச்சம் போலத்தான் இருந்தது. அக்காவுக்கு அப்படியில்லை.

"செல்போன எடுக்காம விட்டா மேச மேல கெடந்து துடிக்குமே, அந்த மாதிரி. ஆனா எலும்புக்குள்ள துடிக்குது தம்பி" என்றாள்.

நாற்பதில் ஓட்டிப் பார்த்தேன். பின்னால் வந்த லாரிகள் ஒலியெழுப்பி உரசிக்கொண்டு போயின. ஒருமுறை சட்டென்று பிரேக் போட வேண்டியதாயிற்று. அதன் வலி அவளுக்கு அன்று இரவு முழுவதும் நீடித்தது. அதனால் அதிர்வை நிறுத்தியாக வேண்டும் என்று முடிவு செய்தேன். மருத்துவர்கள் செய்வதில் எனக்கு ஒன்றும் தெரியாது. இந்த ஒன்று என் கைக்கு எட்டக்கூடியதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு கீழக்குயில்குடிப் பக்கம் போனேன். சமணர் மலைக்கு அப்பால் நான்குவழிச் சாலை நேராகவும் வெறுமையாகவும் கிடக்கும். முதலில் டாப் கியரில் அறுபது, பிறகு அதே வேகத்தை மூன்றாவது கியரில். இன்ஜினின் சுழற்சி கூடியும் அதிர்வு மாறவில்லை. அடுத்து அறுபதில் நியூட்ரலுக்குத் தள்ளி ஓடவிட்டேன். அப்போதும் இருந்தது. ஆகவே இன்ஜின் இல்லை. ஸ்டீயரிங் அமைதியாக இருந்ததால் முன் சக்கரங்களும் இல்லை. பின் சக்கரங்களை முன்னுக்கு மாற்றிப் போட்டுப் பார்த்தேன். அதிர்வு அவற்றோடு இடம் மாறவில்லை. மிச்சம் இருந்தது, கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளமான இரும்புக் குழல், புரொப்பல்லர் சாஃப்ட். அது அக்கா படுக்கும் இடத்துக்கு நேர் கீழே முடிகிறது.

திண்டுக்கல் சாலையில் எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் சாஃப்ட்டின் இரண்டு முனைகளிலும் கிராஸ் எனப்படும் இணைப்புகளை மாற்றினார். அவை தேய்ந்துதான் இருந்தன. அதிர்வு கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. "பழைய வண்டின்னா கொஞ்சம் ஆடத்தாண்ணே செய்யும். அம்பதுக்கு மேல நமக்கு ஆடலையா? அம்புட்டுத்தேன்" என்றார். வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன்.

"வெட தெரியாத பய பரீட்சையில கத எழுதுற மாதிரி பேசுறான்" என்றாள்.

சாஃப்ட் சமநிலை தவறியிருந்தது. அதைக் கழற்றி எந்திரத்தில் வைத்துச் சரிசெய்கிற இடம் மதுரையில் எனக்குத் தெரியவில்லை. வெளியூருக்கு அனுப்பினால் வண்டி பல நாள் நின்றுபோகும், சிகிச்சை தடைபடும். இணையத்தில் தேடியதில் ஒரு வழி கிடைத்தது. ரப்பர் குழாய்களை இறுக்கும் சாதாரண இரும்பு கிளிப் ஒன்றைச் சாஃப்ட்டின் பின்முனையில் சுற்றி இறுக்க வேண்டும். கிளிப்பின் திருகு இருக்கும் பக்கம் எடை கூடும். குழலைச் சுற்றி நான்கு இடங்களைக் குறித்துக்கொண்டு, திருகை ஒவ்வோர் இடமாக நகர்த்தி ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் அதிர்வு குறையும். அதற்கு நேர் எதிரிடத்தில் கூடும்.

அடுத்த ஞாயிறு ஒரே மூச்சில் நான்கையும் நானே சோதித்துவிடுகிறேன், பின் இருக்கையில் தண்ணீர் பாட்டிலை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றேன். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

"பாட்டிலுக்கு வலிக்காது. எனக்கு எங்க வலிக்குதோ அதான் கணக்கு."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆள் இல்லாத வண்டியில் பின்பக்கம் உயர்ந்து சாஃப்ட்டின் கோணமே மாறிவிடும். அதோடு, நோய் வந்த பிறகு முதல்முறையாக அவள் ஒரு காரியத்தில் இறங்கியிருந்தாள். நாளுக்கு ஓரிடம் என்று முடிவு செய்தோம்.

செவ்வாய்க்கிழமை முதல் இடம். அறுபதில், "அப்படியேதான் இருக்கு" என்றாள். புதன்கிழமை இரண்டாவது இடம். "கொஞ்சம் தேவல. நெசமாவே தேவல." வியாழக்கிழமை மூன்றாவது இடம். "இன்னும் கொறஞ்சிருச்சு தம்பி. கால் மட்டும் மதமதன்னு இருக்கு. மாத்திர வேல செய்யுது போல" என்றாள். வலிக்கான மாத்திரையை அந்த வாரம்தான் கூட்டியிருந்தார்கள்.

வியாழன் மாலை, நான்காவது இடத்தைச் சோதிக்க வேண்டியதில்லை என்றேன். இரண்டிலும் மூன்றிலும் குறைந்தால் நான்கில் கூடியே ஆக வேண்டும், வீணாக வலியை ஏன் வாங்குவது என்று கேட்டேன்.

"நாலுன்னு ஆரம்பிச்சா நாலையும் பாக்கணும். மூணோட நிறுத்துனா அதுக்குப் பேரு ஊகம்" என்றாள். நாற்பது வருடம் பிள்ளைகளிடம் பேசிய குரலில் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலை வண்டிக்கு அடியில் படுத்துத் திருகை நான்காவது இடத்துக்கு மாற்றினேன். கூடினால் உடனே வேகத்தைக் குறைத்துவிடத் தயாராக இருந்தேன். நாகமலையைத் தாண்டி அறுபதைத் தொட்டோம். பின்னாலிருந்து சத்தமே இல்லை.

"என்னக்கா, எப்படி இருக்கு?"

"நின்னுருச்சு."

"நின்னுருச்சா?"

"சுத்தமா நின்னுருச்சு. ஒண்ணுமே தெரியல." அவள் குரலில் சந்தோஷம் இருந்தது. "எனக்கே வெக்கமா இருக்கு, இம்புட்டுக்காண்டி கிளிப்புக்குப் போயி இத்தன பாடு."

எனக்கும் சந்தோஷம் வந்தது, சில நொடிகள். என் குதிகால்கள் நடுங்கிக்கொண்டிருந்ததை அதன் பிறகே கவனித்தேன். கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் வந்த லாரியின் எண் பலகை கலங்கித் தெரிந்தது. எழுத்துகளைப் படிக்க முடியவில்லை. அதிர்வு நிற்கவில்லை. முந்தைய மூன்று நாட்களையும்விடக் கூடியிருந்தது.

ஓரமாக நிறுத்திப் பின்கதவைத் திறந்தேன். அவளுடைய வலது குதிகால் கதவின் கண்ணாடி இறக்கும் கைப்பிடியில் அழுந்திக் கிடந்தது. தோல் கன்றிச் சிவந்திருந்தது.

"கால எடுக்கா."

"எந்தக் கால?" என்றாள்.

பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

மருத்துவமனையில் கதிர்வீச்சுக்குக் காத்திருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போனேன். இளம்பெண் மருத்துவர் ஒருவர் வந்தார். பள்ளி ஆய்வகத்தில் இருக்குமே, அதே இசைக்கவை ஒன்றை உள்ளங்கை ஓரத்தில் தட்டி அக்காவின் கணுக்கால் எலும்பில் அதன் காம்பை வைத்தார். அதிர்வது தெரிகிறதா என்று கேட்டார். இல்லை என்றாள் அக்கா. முழங்காலில் வைத்தார். இல்லை. இடுப்பெலும்பில் வைத்தார். இல்லை. விலா எலும்பின் கீழ் ஓரத்தில் வைத்தபோது அக்கா தலையசைத்தாள். கீழ் முனையிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றாகத் தள்ளி, பழுது எங்கே என்று கண்டுபிடிக்கும் அந்த முறை எனக்குப் பரிச்சயமானதாக இருந்தது.

முதுகெலும்பில் இருக்கும் கட்டி தண்டுவடத்தை அழுத்துகிறது, ஸ்கேன் எடுத்தால் உறுதியாகும் என்றார் பெரிய மருத்துவர். என்னை வெளியே அழைத்துப் போய் ஒன்று கேட்டார்.

"உணர்ச்சி எப்ப போச்சு? சரியாச் சொல்லுங்க. இன்னைக்குக் காலையிலன்னா ஆபரேஷனுக்கு எடுக்கலாம், கால் திரும்ப வாய்ப்பு உண்டு. ஒரு நாளத் தாண்டியிருந்தா இந்த ஒடம்ப அறுத்துப் பிரயோஜனம் இல்ல. வேதனைதான் மிச்சம்."

அக்காவுக்குச் சொல்லத் தெரியவில்லை. மாத்திரை என்று நினைத்தேன், மாத்திரை என்று நினைத்தேன் என்றே திரும்பத் திரும்பச் சொன்னாள். அவளை நாற்காலியோடு தூக்கிவந்த எங்களுக்கும் அவள் கால் ஊன்றுகிறாளா என்பது தெரியாது. ஆனால் அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது. புதன்கிழமையும் வியாழக்கிழமையும் அதிர்வு குறைந்ததாகச் சொன்னாள். எந்த நாள் வண்டியில் நிஜமாகவே குறைந்திருந்தது, எந்த நாள் அவளிடம் மட்டும் குறைந்தது என்று தெரிந்தால் போதும்.

அவளை ஸ்கேன் அறைக்குள் கொண்டுபோனதும் வண்டியை எடுத்தேன். சாலையோரக் கடையில் இருபது லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு வாங்கிப் பின் இருக்கையில் படுக்கவைத்தேன். அக்காவின் எடை அப்போது ஏறக்குறைய அவ்வளவுதான். நான்குவழிச் சாலையின் ஓரத்தில் வண்டிக்கு அடியில் புகுந்து கிளிப்பை இரண்டாவது இடத்துக்கு மாற்றினேன். சைலன்சர் பட்டு முழங்கை வெந்தது. அறுபதில் கண்ணாடியைத் திருப்பிக் கேன்களைப் பார்த்தேன். தண்ணீர் ஏறக்குறைய அசையாமல் இருந்தது. புதன்கிழமை அவள் சொன்னது உண்மை. திரும்ப நிறுத்தி மூன்றாவது இடத்துக்கு மாற்றி ஓட்டினேன். தண்ணீரின் மேல்மட்டம் முழுவதும் பொடிப்பொடியாகச் சிலிர்த்து நின்றது.

அப்படியானால் வியாழக்கிழமை காலையிலேயே போகத் தொடங்கியிருந்தது. ஒரு நாளுக்கு மேல் ஆகிவிட்டது.

திரும்பும் வழியில், இன்று காலைதான் என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். யோசிக்கவில்லை என்று எழுதினால் அது பொய். கால் திரும்பும் என்று நம்பி அறுப்பார்கள். அது திரும்பாது. அவள் வயிற்றுக்குக் கீழே உணர்வில்லாமல், முதுகில் தையலோடு கிடப்பாள். வியாழன் காலை என்று சொன்னேன். எப்படி இவ்வளவு சரியாகச் சொல்கிறீர்கள் என்று மருத்துவர் கேட்டார். சொன்னேன். ஸ்கேனும் அதற்கு ஒத்துப்போகிறது என்றார். அறுவை சிகிச்சை வேண்டாம் என்று முடிவானது.

அக்காவிடம் நானே சொன்னேன். வண்டியில் எது சரியான இடம் என்று கேட்டாள். இரண்டு என்றேன். "அப்ப நாலாவதுல கூடித்தான் இருந்திருக்கு" என்றாள். ஆமாம் என்றேன். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

முதுகெலும்புக்கு ஊசியும் கதிர்வீச்சும் தொடங்கின. தினமும் காலையில் அந்த இளம் மருத்துவர் இசைக்கவையோடு வருவார். கணுக்கால், முழங்கால், இடுப்பு. அக்கா ஒவ்வொன்றுக்கும் இல்லை என்பாள். மருத்துவர் தலையைக் குனிந்து எழுதிக்கொள்வார். நாட்கள் போகப் போக, காம்பை வைப்பதற்கு முன்பே இல்லை என்று சொல்லப் பழகியிருந்தாள்.

இரண்டாவது வாரத்தில் ஒரு காலை, மருத்துவர் இசைக்கவையைத் தட்டிவிட்டு, அவள் பதிலைச் சோதிக்கவோ என்னவோ, அக்காவுக்குத் தெரியாமல் விரலால் பிடித்து அதை அடக்கினார். அடக்கியதைக் கணுக்காலில் வைத்தார். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தெரியுதாம்மா?"

"ம். லேசா அதிருது" என்றாள் அக்கா.

மருத்துவர் என்னைப் பார்த்தார். நல்லதும்மா என்று சொல்லிவிட்டு, எதுவும் எழுதாமல் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அவர் போனதும் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். தெரியாமல் சொல்லியிருக்கலாம், ஆசையில் சொல்லியிருக்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அக்கா போர்வையை மார்புவரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"எத்தன நாளுதான் இல்ல இல்லன்னே சொல்றது? அந்தப் புள்ள மொகம் வாடிப்போகுதுடா."