சிவப்பு விளக்கில் பத்து

பஸ் ஓட்டும் என் பெரியப்பாவுக்கு டிப்போவில் ‘பத்து’ என்றுதான் பெயர். சிவப்பு விளக்கில் நிற்கும்போது, முன்னால் நிற்கும் வண்டியின் நம்பரில் உள்ள நான்கு எண்களைக் கூட்டி, கழித்து, பெருக்கி, வகுத்துப் பத்தைக் கொண்டுவந்துவிடுவார். வரிசையை மாற்றலாம், எந்த எண்ணையும் விடக் கூடாது. எண்ணை வாசிப்பது நடத்துநர் அக்கா. பச்சை விழுந்தால் கணக்கை அங்கேயே விட்டுவிட வேண்டும். அது பெரியப்பா போட்ட சட்டம்.

தலையில் அறுவை சிகிச்சை முடிந்து, வண்டி ஓட்டலாம் என்று மருத்துவர் சொன்ன பிறகும் அவருக்குத் தன்மேல் நம்பிக்கை வரவில்லை. வேலைக்குத் திரும்பிய காலையில் பெரியம்மாவிடம், “சிக்னல் கணக்கு வரலைன்னா சாவியக் குடுத்துட்டு வந்துடுவேன்,” என்றார். பெரியம்மா உடனே அக்காவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். துணைக்கு என்னையும் அனுப்பினார்.

முதல் சிக்னலில் அக்கா வாசித்தார்: “ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு.”

“கூட்டினாலே பத்து.”

அடுத்ததில், “அஞ்சு, அஞ்சு, சைபர், சைபர்.” அதுவும் வந்தது.

மூன்றாவதில், “நாலு, ஆறு, ஒண்ணு, ஒண்ணு.”

பெரியப்பா கழுத்தை நீட்டிப் பார்த்தார். “ஏம்மா, முன்னாடி நிக்கிறது மூணு, நாலு, ஏழு, எட்டு. நீ எதப் பாத்து வாசிக்கிற?”

“பக்கத்து வண்டி அண்ணே.”

“பக்கத்துல சைக்கிள் நிக்குது. அதுக்கு எப்ப நம்பர் குடுத்தாங்க?”

பின்னால் யாரோ சிரித்தார்கள். பெரியப்பாவின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. பத்து வரவில்லை. பச்சை விழுந்தது.

சந்தை முனையில் ஒரு பெண் தள்ளுவண்டியைச் சட்டென்று சாலையில் இறக்கினாள். பெரியப்பா பிரேக்கை அழுத்தி நிறுத்தியது பஸ்ஸுக்குள் நின்றிருந்தவர்களுக்குக்கூடத் தெரியவில்லை, அவ்வளவு பதம்.

கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கிய பிறகும் அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். “அந்த நம்பர் வரலம்மா. இப்ப அது என்ன நம்பர்னே ஞாபகம் இல்ல. சாவிய நீயே குடுத்துடு.”

“எப்ப மறந்தீங்க?” என்றார் அக்கா.

“பச்சை விழுந்ததும் போச்சு.”

“தள்ளுவண்டி வந்தப்ப?”

“அப்ப யாரு நம்பர நெனைப்பா? கண்ணு முழுக்க அந்தப் பொண்ணு காலுலதான் இருந்துச்சு.”

“அதத்தானே அண்ணே இத்தன வருஷமா சட்டம் சட்டம்னு என் உயிர எடுத்தீங்க? கணக்கு வராட்டி பஸ்ஸுக்கு என்ன? நீங்க அத விடாம ஓட்டியிருந்தா நானே சாவியப் புடுங்கியிருப்பேன்.”

கணக்கு வருகிறதா என்று மட்டுமே இவ்வளவு நாளும் தன்னைச் சோதித்துக்கொண்டிருந்தவர், அதை விட்டுவிட முடிகிறதா என்பதை இப்போதுதான் யோசிக்கிறார் என்று தோன்றியது.

“நம்பரச் சொல்லு,” என்றார் கடைசியில்.

அக்கா விடையையே சொன்னார். “ஏழ நாலால வகுத்தா ஒண்ணேமுக்கால். அத மூணுல கழிச்சா ஒண்ணேகால். எட்டு ஒண்ணேகால் பத்து.”

“உன்ன யாரு சொல்லச் சொன்னா? ஒண்ணேமுக்கால் வரைக்கும் நானே வந்திருப்பேன்.”

“வந்திருப்பீங்க, வந்திருப்பீங்க. டைம் ஆச்சு, எடுங்க.”

அவர் பக்கக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, திரும்பும் நடைக்கு இன்ஜினைக் கிளப்பினார்.