ஒரு ஓமில் கட்டுகிற அண்ணன்

என் அண்ணனைப் பற்றிச் சொல்லச் சொன்னால் முதலில் என் வாயில் நல்ல வார்த்தை வராது. அவன் கார்களுக்குப் பாட்டு செட் மாட்டுகிறவன். முன்னால் ஷெட்டில் அவன் மாட்டுவான். பின்னறையில் உட்கார்ந்து, அவன் எரித்துத் தள்ளுகிற ஆம்ப்ளிஃபயர்களை நான் பிரித்துச் சரி பண்ணுவேன். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் எங்கள் பிழைப்பு.

எங்கள் தொழிலில் மறக்கக் கூடாதது ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு ஆம்ப்பும் மின்தடை எத்தனை ஓம் வரை குறைந்தால் தாங்கும் என்று அதன் மேலேயே அச்சடித்திருக்கும். ஒரே முனையில் ஸ்பீக்கர்களைச் சேர்த்துச் சேர்த்துக் கட்டினால் ஓம் குறையும். குறையக் குறைய ஆம்ப் மின்சாரத்தை அள்ளி இறைக்கும். சத்தம் கூடும், சூடும் ஏறும். இரண்டு ஓம் தாங்குவதில் ஒரு ஓம் கட்டினால் பத்து நாள் தெருவே அதிரும். பதினொன்றாம் நாள் உள்ளே டிரான்சிஸ்டர் வெடித்து, கருகின நாற்றத்தோடு என் மேஜைக்கு வந்துவிடும். எங்கள் கடையைப் பெருக்குகிற அம்மாவுக்கே இது தெரியும். அண்ணனுக்குத் தெரியாதா? எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான்.

ஒரு காலத்தில் யாராவது ஒரு ஓம் என்று வாயெடுத்தால் விரட்டி விடுவான். "ஆம்ப எரிக்கணும்னா வீட்டு அடுப்புல வச்சு எரிங்க, இங்க எதுக்கு வர்றீங்க?" என்பான். அவன் காதுக்கு அப்படி ஒரு பேர் இருந்தது. ஓட்டுநர் இருக்கையில் கண்ணை மூடி உட்காருவான். பின் கதவு ஸ்பீக்கரில் ஒரு திருகு தளர்ந்திருக்கிறது என்பான். கழற்றிப் பார்த்தால் தளர்ந்துதான் இருக்கும். பக்கத்திலேயே நாலு கடை இருந்தும், அந்தக் காதுக்காகத்தான் எங்கெங்கிருந்தோ எங்களிடம் வண்டி வரும்.

மூன்று வருஷமாகத்தான் புத்தி கெட்டுப்போனது. எல்லா வண்டிக்கும் ஒரு ஓம். பையன்கள் 'ஒன் ஓம் அண்ணன்' என்று பட்டம் கட்டிக் கொண்டாடினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. சுவரைப் பார்த்து உட்கார்ந்து சால்டரிங் வைத்தபடியே நாள் முழுக்கக் கத்துவேன். "வெளங்குமா இந்தக் கடை? கேக்கறவன்லாம் முட்டாளா? உனக்கு வேற வேலையே இல்லையா?" ஒரு பதில் வராது. எருமை மேல் மழைதான்.

போன வாரம் ஒரு டாக்ஸிக்காரர் வந்தார். சாதுவான மனுஷர். இரண்டு மாதத்தில் அவருடைய ஆம்ப் மூன்றாவது தடவையாகக் கருகியிருந்தது. மூடியைத் திறந்ததும் எனக்குத் தலைக்கேறிவிட்டது. எழுந்து வெளியே போனேன்.

"உங்களுக்கு எதுக்கு சார் இவ்ளோ சத்தம்? வண்டியில ஆள ஏத்துறீங்களா, எறக்கி வெரட்டுறீங்களா?"

"அக்கா, நான் எங்க கேட்டேன்?" என்றார் பாவமாக. "போதும் போதும்னு மூணு தடவ சொன்னேன். அவர்தான் பத்தல, பத்தலன்னு கட்டிக்கிட்டே போனார். நான் கொறச்சுத்தான் வச்சுக்குவேன். ஏறுறவங்கதான் ஒவ்வொரு தடவையும் திருப்பி விடுறாங்க. நேத்தும் நாலு காலேஜ் பசங்க ஏறி முழுசா திருப்பி விட்டானுங்க. பொகைஞ்சு போச்சு."

அப்படியா சங்கதி! கருகின ஆம்ப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்குள் போனேன். டாக்ஸிக்காரரும் பின்னாலேயே வந்தார். அண்ணன் எங்களுக்கு முதுகைக் காட்டி, ஒரு காரின் கதவில் ஸ்பீக்கரைத் திருகிக்கொண்டிருந்தான். பாட்டு எதுவும் ஓடவில்லை.

"ஏன்ணா, மனுஷன் போதும்னு சொன்னாரா இல்லையா? பிடிவாதத்துக்கு ஒரு அளவு வேணாம்? உன்னாலதான் என் கண்ணு போகுது, முதுகு போகுது!"

அவன் திருகிக்கொண்டே இருந்தான். இன்னும் கத்தினேன். நாலடி தூரம்தான். டாக்ஸிக்காரர் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

காரைச் சுற்றிப் போய் எதிரே நின்றேன். நிழல் விழுந்ததும் நிமிர்ந்து சிரித்தான்.

"என்ன பாப்பா, சாப்பாட்டு நேரமாச்சா?"

"எத்தன நாளா?" என்று என் காதைத் தொட்டுக் காட்டினேன்.

அவன் சிரிப்பு போய்விட்டது. டாக்ஸிக்காரர் சத்தமில்லாமல் வெளியே நகர்ந்தார்.

"மூணு வருஷம் இருக்கும்," என்றான். "ரெண்டு ஓம்ல கட்டுனா பாட்டு எங்கயோ பக்கத்துத் தெருவுல ஓடுற மாதிரி இருக்கு. ஒரு ஓம்ல கட்டுனாத்தான் பாடுறவ பாடுறான்னே தெரியுது. மத்ததெல்லாம் கதவுல கைய வச்சுப் பாத்துக்குவேன். ஆளுங்க பேசுறத வாயப் பாத்துப் புரிஞ்சுக்குவேன். வெளிய சொன்னா எவன் எங்கிட்ட வண்டிய விடுவான்? இத விட்டா எனக்கு என்ன தெரியும்?"

"அண்ணிக்குத் தெரியுமா?" கழுத்தில் விரலால் தாலி போல் வரைந்து காட்டிக் கேட்டேன்.

"தெரியும். உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டேன். நீ திட்டுவியேன்னுதான்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த ஆம்ப்பை அவன் தலையிலேயே போட்டிருப்பேன். சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன், என்னிடம் சொல்லவில்லை! மூன்று வருஷம் கருகின பலகைகளை முகர்ந்து பார்த்தேனே, இந்த முகத்தை ஒரு நாள் நிமிர்ந்து பார்த்தேனா? என்னையும் நாலு அறை அறைய வேண்டும் போலிருந்தது.

ஆம்ப்பைத் தரையில் வைத்துவிட்டு அவன் பக்கத்தில் குந்தினேன். "நாளைக்குக் காது டாக்டரப் போய்ப் பாக்கலாம்ணா. மெஷின் வச்சுக்கலாம். அதுவரைக்கும் நீ மாட்டு, நான் பக்கத்துல ஒக்காந்து கேட்டுச் சொல்றேன். யாருக்கும் தெரிய வேணாம்," என்றேன். என் வாழ்நாளில் அவனிடம் அத்தனை மெதுவாகப் பேசினதில்லை. அழுகையில் உதடு வேறு கோணிக்கொண்டு போனது.

அவன் கண் இமைக்காமல் என் வாயையே பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

"சரி, சரி, திட்டாத பாப்பா. இனிமே ரெண்டு ஓம்லயே கட்டுறேன்."