பாட்டுக் கடையில் வாங்கிய கல்யாண உறைகள்

எங்கள் குடும்பத்தில் கார்ட் அடித்து நடந்த முதல் கல்யாணம் அக்காவுடையது. அதுவரைக்கும் எங்கள் வீட்டில் வெற்றிலைத் தட்டோடு, தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களுக்கெல்லாம் போய் வாயால் அழைப்பதுதான் வழக்கம். அக்கா மாத்தளை டவுனில் ஒரு சேலைக் கடையில் வேலை செய்தாள். கடைக்கு வந்த யாருடையதோ ஓர் அழைப்பிதழைப் பார்த்துவிட்டு, தனக்கும் அது மாதிரிதான் வேண்டும் என்று வந்து நின்றாள். அது மாதிரி என்றால் சதுரமாக. நீளக் கார்டை எல்லாரும் அடிக்கிறார்களாம்.

சதுரக் கார்ட் வந்தது. ஒரே தடித்த அட்டை. நடுவில் அக்காவின் பெயரும் மாப்பிள்ளையின் பெயரும் சிவப்பு எழுத்தில். நான் அதை எத்தனை முறை சத்தம் போட்டு வாசித்தேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் உறை வரவில்லை. சதுர உறை கொழும்பிலிருந்து வரவேண்டும், இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று சொல்லிக்கொண்டிருந்த அச்சகக்காரர் கடைசியில் கையை விரித்துவிட்டார். முகூர்த்தமோ நெருங்கிவிட்டது.

உறை இல்லாமல் கொடுத்தால் என்ன என்று அப்பா கேட்டார். அம்மா அவரைப் பார்த்த பார்வையில் அவர் அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவில்லை. காரணம் மாமா.

மாமா அம்மாவின் ஒரே அண்ணன். பல்லேபொலவில் ஒரு மிளகுத் தோட்டத்தைக் காவல் காத்துக்கொண்டு அங்கேயே குடியிருந்தார். அக்காவைத் தன் மகனுக்கு எடுக்கவேண்டும் என்று நினைத்திருந்தார். அக்காவோ உக்குவளையில் த்ரீவீல் ஓட்டுகிற ஒருவரைத்தான் கட்டுவேன் என்று சொல்லிவிட்டாள். எங்கள் ஆட்களில் கார்ட் அடிக்கிறவர்களுக்கு ஒரு முறை உண்டு: கோயிலில் ஒரு கார்டை வைத்த பிறகு அடுத்த கார்ட் தாய்மாமனுக்கு. அவர் அதை அழைத்தவர்கள் முன்னாலேயே பிரித்துப் பார்ப்பார். பிரித்தால் சம்மதம், கல்யாணத்துக்கு வருகிறார் என்று அர்த்தம். பெண்ணைக் கைபிடித்து மணவறைக்குக் கூட்டிப்போக வேண்டியவரும் அவரே. அந்த மாமா, நிச்சயதார்த்தம் முடிந்த வாரம் எங்கள் லயத்துக்கு வந்து எல்லார் முன்னாலும் சத்தம் போட்டுவிட்டுப் போயிருந்தார். "கார்ட கொண்டாந்து பாருங்க. அத நான் பிரிச்சேன்னா நான் ஒரு ஆம்பளயே இல்ல!"

அன்றிலிருந்து அம்மா அடுப்படியில் அழுதுகொண்டே இருந்தாள். உறை சரியில்லை, மரியாதை சரியில்லை என்று அண்ணன் சொல்லும்படி எதுவும் நடந்துவிடக்கூடாது என்பது அவள் கவலை.

உறை வாங்கப் போகும் வேலை அப்பாவுக்கும் எனக்கும் வந்தது. அப்போது எனக்குப் பத்து வயது. அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூடத்தின் உள்ளே போய்ப் பார்த்ததில்லை. அக்கா இரண்டாம் ஆண்டோடு நின்றவள். தன் பெயரை எழுத்துக்கூட்டி வாசிப்பாள். ஐந்தாம் ஆண்டில் இருந்த நான்தான் வீட்டிலேயே பெரிய படிப்பாளி. மருந்துப் போத்தல் வந்தாலும் கரண்ட் பில் வந்தாலும் முதலில் என் கைக்குத்தான் வரும். பிற்பாடு நான் பல்கலைக்கழகம் வரை போனேன், பட்டமும் வாங்கினேன். ஆனாலும், கார்ட் ஒன்றைப் பொலித்தின் பைக்குள் வைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அன்று பஸ் ஏறியபோது இருந்த பெருமை பட்டமளிப்பு அன்றுகூட வரவில்லை.

"வெள்ள மட்டும் வேணாம்" என்று அம்மா ஓடிவந்து பஸ் ஜன்னலில் சொன்னாள். "நாலு மூலையிலயும் மஞ்சள் தடவணும். மங்களமா இருக்கணும்."

முதல் கடையில் நீளமான வெள்ளை உறைகள். இரண்டாவது கடையில் அரசாங்கக் கந்தோர்களுக்குப் போகிற மண்ணிற உறைகள். இன்னொன்றில் ஓரமெல்லாம் சிவப்பும் நீலமும் கோடு போட்ட விமானத் தபால் உறைகள் இருந்தன. எனக்கு அதில் ஆசை வந்துவிட்டது, ஆனால் கார்ட் பாதிக்கு மேல் உள்ளே போக மறுத்தது. பெரிய உறை ஒன்றில் போட்டுப் பார்த்தோம். தகர டின்னுக்குள் புளியங்கொட்டை மாதிரி அது உள்ளே அங்குமிங்கும் ஓடியது.

அப்பா களைத்துப்போனார். "ஒரு ஓரத்த லேசா மடிச்சா போவுமே பாப்பா."

"சதுரத்த மடிச்சா அது சதுரமாப்பா?" என்றேன். கடை முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். "மகள் சொல்றது சரிதானே" என்றார். அப்பாவுக்கும் பெருமை தாங்கவில்லை. "அஞ்சாம் ஆண்டு படிக்கிறா" என்று முதலாளி கேட்காமலே சொன்னார்.

பஸ் நிலையத்துக்குத் திரும்பும் வழியில்தான் அதைப் பார்த்தேன். பாட்டு சீடி விற்கிற ஒரு சின்னக் கடை. கண்ணாடி அலுமாரிக்குள் வெறும் சீடி உறைகள் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தன. பச்சை, நீலம், ரோஸ். நடுவில் ஒரு கட்டு மஞ்சள், நல்ல மஞ்சள். எல்லாம் சதுரம்! ஒவ்வொன்றின் வயிற்றிலும் வட்டமாகக் கண்ணாடித் தாள் ஒட்டியிருந்தது. அப்பாவின் கையை உதறிவிட்டு உள்ளே ஓடினேன்.

கார்ட் உள்ளே போனது. இடித்துக்கொள்ளாமல், ஆடாமல், அதற்கென்றே செய்ததுபோல் போய் உட்கார்ந்தது. அதுமட்டுமா, அக்காவின் பெயரும் மாப்பிள்ளையின் பெயரும் வட்டத்துக்குள் பளிச்சென்று தெரிந்தன!

"தங்கச்சி, இது சீடி போடுறது" என்றார் கடை அண்ணன்.

"கார்டும் போடலாந்தானே அண்ணே?"

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கள் லயத்திலும் சீடி பிளேயர்கள் இருந்தன; அது என்ன உறை என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. பிறகு என்னைப் பார்த்தார். "நீ சொல்லு. நீதான படிச்சவ."

மஞ்சள் கட்டு முழுவதையும் வாங்கினோம்.

வீட்டில் அக்கா அதைக் கண்டதும் தலையில் கைவைத்துவிட்டாள். "என்னாடி இது? என் கல்யாணத்த டீவியில போட்டா பாக்கப் போறாங்க?" ஒரு கார்டை எடுத்து உறைக்குள் செருகி அவள் முன்னால் பிடித்தேன். அக்கா வட்டத்துக்குள் விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரை வாசித்தாள். அன்று இரவு தேத்தண்ணியில் சீனி அதிகமாகப் போட்டுக் கொடுத்தாள்.

லயத்துக்காரர்கள் சும்மா விடுவார்களா? "கல்யாணத்துக்கு முன்னுக்கே வீடியோ வந்திருச்சா?" என்றாள் அடுத்த வீட்டு அக்கா. "பாட்டு எத்தனடி இருக்கு உள்ளுக்கு?" என்றார் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் ஒருவர். எனக்குக் கோபம் வரவில்லை. என் உறையைப் பற்றித்தான் தோட்டமே பேசிக்கொண்டிருந்தது!

அடுத்த ஞாயிறு மாமாவிடம் போனோம். மாப்பிள்ளை தன் த்ரீவீலில் கொண்டுபோய் விடுகிறேன் என்றார். "அதுல போயி எறங்குனா தேங்காய எடுத்து எறிவாரு" என்றார் அப்பா. பஸ்ஸிலேயே போய், மிளகுக் கொடிகளுக்கு நடுவில் நடந்து போனோம். கோயிலுக்கு ஒன்றும் மாமாவுக்கு ஒன்றுமாக இரண்டு கார்டை அம்மாவே உறையில் போட்டு, மூலைகளில் மஞ்சள் தடவி வைத்திருந்தாள். அதில் என்னையும் கைவைக்க விடவில்லை.

மாமா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வாங்க என்று சொல்லவில்லை; போங்க என்றும் சொல்லவில்லை. அத்தைதான் உள்ளேயிருந்து ஓடிவந்து பாயை விரித்து, தேத்தண்ணியும் பிஸ்கட்டும் வைத்தாள். அம்மா தட்டில் வெற்றிலையையும் உறையையும் வைத்து இரண்டு கையாலும் நீட்டினாள். மாமா தொடவில்லை.

"பிரிக்க மாட்டேன்னு சொன்னவன் நானு" என்றார் மாமா, மிளகுக் கொடியைப் பார்த்துக்கொண்டு.

"தெரியும் அண்ணே" என்றாள் அம்மா. தட்டை இறக்கவில்லை.

"மாமா, இத பிரிக்கவே தேவையில்ல மாமா!" என்று கத்தினேன். "உள்ளுக்கு இருக்கது வெளியிலயே தெரியும்! நான்தான் பாத்து வாங்குனேன்!"

அம்மா என் தொடையில் கிள்ளினாள். மாமா திரும்பினார். அப்போதுதான் தட்டில் இருந்ததைச் சரியாகப் பார்த்தார்.

"என்னா இது? சீடியா?"

கையில் எடுத்தே விட்டார். தூரப் பிடித்தார், கிட்டப் பிடித்தார், வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். வட்டத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா" என்றார் கடைசியில். "தெரியுது. நம்ம புள்ள பேரு தெரியுது. முகூர்த்தமும் தெரியுது." அத்தையின் பக்கம் திரும்பினார். "ஏய், நான் பிரிச்சேனா?"

"இல்லீங்க! எங்க பிரிச்சீங்க? நான் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்" என்றாள் அத்தை அவசர அவசரமாக.

"பிரிக்கல. ஆனா பாத்துட்டேன். பாத்தப்பறம் வராம இருந்தா மொறையில்ல." என்றார் மாமா. "அது சரி, முகூர்த்தம் எத்தன மணிக்கு?"

அம்மா அழுதுகொண்டே நேரத்தைச் சொன்னாள்.

நானோ துள்ளிக்குதிக்காத குறை. மாமாவின் நாற்காலிக்குப் பின்னால் ஓடிப்போய், என் உறையை அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். அம்மா கார்டைத் திருப்பிப் போட்டிருந்தாள். வட்டத்துக்குள் ஓர் எழுத்துகூட இல்லை. கார்டின் பின்பக்கத்தில் அழகுக்காக அடித்திருந்த தங்கநிறத் தாமரைப் பூ ஒன்று மட்டும் இருந்தது. மாமா என்றால் சம்பளத்துக்கே கைநாட்டு வைக்கிறவர்.

"மாமா, அதுல..." என்று ஆரம்பித்தேன். அப்பா என் வாய்க்குள் ஒரு முழு பிஸ்கட்டைத் திணித்தார். அதை மென்று முடிப்பதற்குள் பேச்சு பந்தல், சமையல், மணவறை என்று எங்கேயோ போய்விட்டது. மாமா பட்டு வேட்டியைத் தேடச் சொல்லி அத்தையை விரட்டிக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் தூங்கிப்போனாள். நான் அப்பாவின் காதுக்குள் ரகசியத்தைச் சொன்னேன். "அப்பா, மாமா பொய் சொன்னாரு. அதுல பேரும் இல்ல, முகூர்த்தமும் இல்ல. வெறும் பூதான் இருந்துச்சு."

"அப்புடியா?" என்றார் அப்பா. "நான் கவனிக்கலையே."

அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர், அவருக்கு எப்படித் தெரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.